இம்பிளான்ட்டை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? கழற்றி மாட்டும் பல்செட்டில் கடிக்கும் விசை போகும் வழி

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். அம்மாவுக்கு மேல்தாடையில் முழுப் பல்செட். கீழ்த்தாடையில் முன்பற்கள் ஆறும், இரண்டு பக்கமும் முதல் முன்கடைவாய்ப் பல்லும் இருக்கின்றன. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. கீழே கழற்றி மாட்டும் பல்செட் போட்டிருக்கிறார். கடித்தால் பின்பக்கம் அமுங்குகிறது, ஈறு புண்ணாகிறது. பக்கத்துக்கு ஓர் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்து அதன்மேல் அதே மாதிரி பல்செட்டை உட்காரவைக்கலாம் என்று இரண்டு மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் மீதமுள்ள பல்லை ஒட்டி முன்னால் வைக்கலாம் என்கிறார், இன்னொருவர் கடைக்கோடியில் வைக்கவேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி, கடிக்கும் பலம் உண்மையிலேயே கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பேர் சொல்வதிலும் காரணம் இருக்கிறது. ஆனால் இருவரும் இம்பிளான்ட்டிடம் வேறு வேறு வேலை எதிர்பார்க்கிறார்கள். முன்னால் வைப்பவர் பல்செட்டைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்கிறார். பின்னால் வைப்பவர் பாரம் தாங்க ஓர் ஆள் வேண்டும் என்கிறார். அம்மாவின் தொல்லை இதில் எது என்று பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இந்தப் பல்செட் ஏன் ஆடுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பல் போன இடங்களை வகைப்படுத்த எட்வர்ட் கென்னடி 1925-இல் கொடுத்த முறையைத்தான் இன்றும் உலகமெங்கும் பயன்படுத்துகிறோம். அதில் அம்மாவுடையது முதல் வகை: இரண்டு பக்கமும் பின்னால் பல்லே இல்லாத வாய். மூன்றாம் வகையில் காலி இடத்துக்கு முன்னும் பின்னும் பல் இருக்கும், பல்செட் ஒரு பாலம் மாதிரி இரண்டு கரையிலும் உட்காரும். முதல் வகையில் ஒரு கரைதான் உண்டு. மறுமுனை வெறும் ஈறின்மேல் கிடக்கிறது.

பல்லும் ஈறும் ஒரே மாதிரி அமுங்கினால் இதில் பிரச்சினையே இல்லை. அமுங்குவதில்லை. இயற்கைப் பல்லைச் சுற்றி மெல்லிய நார்த்திசு உண்டு. கடிக்கும்போது பல் அதில் சுமார் 25 முதல் 100 மைக்ரான் வரை இறங்கும். எலும்போடு ஒட்டிப்போன இம்பிளான்ட் நேர்கீழாக 3 முதல் 5 மைக்ரான்தான் இறங்கும். ஈறோ பல நூறு மைக்ரான் அமுங்கும், தளர்ந்த ஈறாக இருந்தால் இன்னும் அதிகம். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அளவுகள்தான், ஆனால் ஒரு நாளில் எத்தனை தடவை மெல்லுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பல்செட்டின் பின்முனை கீழே போகிறது, முன்னால் கொக்கி மாட்டியிருக்கும் பல் திருகப்படுகிறது. இப்படிச் சில பற்களுக்கு மட்டும் பல்செட் போட்டவர்களுக்குச் சில வருடங்களில் அந்தக் கொக்கிப் பல்லே ஆட ஆரம்பிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ஓர் அடி ஸ்கேலை எடுத்து ஒரு முனையைக் கெட்டியான புத்தகத்தின் ஓரத்தில் வையுங்கள். மற்ற நீளம் முழுவதையும் அதே உயரமுள்ள ஸ்பாஞ்சின்மேல் கிடத்துங்கள். ஸ்பாஞ்சுப் பக்கம் விரலால் அழுத்தினால் அந்த முனை இறங்கும், ஸ்கேல் புத்தக ஓரத்தில் திரும்பும். இனி ஸ்பாஞ்சின் கடைசி முனைக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகுங்கள். நடுவில் அழுத்தினால் ஸ்கேல் அசையாது. இப்போது கட்டையை எடுத்துப் புத்தகத்துக்குப் பக்கத்தில், இரண்டு விரல்கடை தள்ளி வையுங்கள். கடைசி முனையில் அழுத்துங்கள். புத்தகத்தின்மேல் இருந்த முனை மேலே எழும்பும். கட்டை அதே கட்டைதான். இடம் மாறியதும் அது தாங்குகிற தூணாக இல்லாமல் சீசாப் பலகையின் நடுக்கட்டையாகிவிட்டது.

இதற்கு எண் கொடுத்துப் பார்க்கலாம். பல்செட்டின் முன்முனையில், மீதமுள்ள பல்லின்மேல் உட்காரும் சின்ன உலோக நாக்கை ரெஸ்ட் என்போம். அது முதல் முன்கடைவாய்ப் பல்லின் முன்பக்கக் குழியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அளந்தால் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லின் நடு ஏறக்குறைய 10 மி.மீ., முதல் கடைவாய்ப் பல்லின் நடு 20 மி.மீ., இரண்டாம் கடைவாய்ப் பல்லின் நடு 30 மி.மீ. நாம் அதிகமாக மெல்லுவது முதல் கடைவாய்ப் பல்லில். அங்கே 100 நியூட்டன், அதாவது சுமார் பத்துக் கிலோ எடை அளவு விசை விழுகிறது. ஈறு தரும் உதவியைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுவோம்.

இம்பிளான்ட் 30 மி.மீ. தள்ளி, கடைக்கோடியில் இருந்தால் அது சுமார் 67 நியூட்டனை வாங்கிக்கொள்ளும். முன்னால் உள்ள பல் 33-ஐ வாங்கும். இரண்டுமே கீழ்நோக்கிய விசை, பல்லும் எலும்பும் தாங்கப் பழகிய திசை. இம்பிளான்ட் 20 மி.மீ.-இல், கடிக்கும் இடத்துக்கு நேர்கீழே இருந்தால் நூறும் அதன்மேல்தான், பல்லுக்கு ஒன்றுமில்லை. இம்பிளான்ட் 10 மி.மீ.-இல் இருந்தால் கணக்கு தலைகீழாகிறது: இம்பிளான்ட்டின்மேல் 200 நியூட்டன் இறங்குகிறது, முன்னால் ரெஸ்ட் 100 நியூட்டனில் மேலே எழும்பப் பார்க்கிறது. கடித்ததைவிட இரண்டு மடங்கு! அந்த எழும்பலைத் தடுப்பது கொக்கி மட்டுமே. கொக்கி தடுத்தால் பல் மேல்நோக்கி இழுபடும்.

நிஜ வாயில் இவ்வளவு கடுமையாக இருக்காது. பின்னால் இருக்கும் ஈறு ஒரு பங்கை ஏற்கும், கொக்கி வளைந்து கொடுக்கும், இம்பிளான்ட்மேல் உள்ள இணைப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆனால் திசை மாறாது. முன்னால் வைத்த இம்பிளான்ட் ரெஸ்டுக்கும் தனக்கும் நடுவில் கடித்தால் மட்டுமே தாங்கும். தனக்குப் பின்னால் கடித்தால் சுழலும் அச்சு அதன் தலைக்கு இடம் மாறுகிறதே தவிர, பின்முனை ஈறில் அமுங்குவது தொடரும். ஈறு எவ்வளவு தளர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு என் எண்கள் உண்மைக்கு நெருங்கும்.

இதை நான் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டேன். தொழிலின் ஆரம்ப வருடங்களில் ஒருவருக்கு, உங்கள் அம்மாவுக்கு இருப்பது போன்ற வாய்தான், முன்னால் எலும்பு நன்றாக இருக்கிறதே என்று இரண்டு பக்கமும் பல்லை ஒட்டி இம்பிளான்ட் வைத்தேன். பல்செட் அவ்வளவு இறுக்கமாக நின்றது, அவருக்கும் எனக்கும் ஒரே மகிழ்ச்சி. ஒரு வருடத்துக்குள் ஈறுப்புண் என்று திரும்பி வந்தார், அதே பழைய இடத்தில். இம்பிளான்ட் இணைப்புக்குள் இருக்கும் நைலான் வளையம் ஒரு பக்கமாகத் தேய்ந்து ஓவல் வடிவமாகிவிட்டிருந்தது. வலது கடைவாய்ப் பல்மேல் விரல் வைத்து அழுத்தினேன். முன்னால் ரெஸ்ட் பல்லைவிட்டு நகம் நுழையும் அளவுக்கு மேலே வந்தது. அந்தச் சின்ன இடைவெளியை இன்றும் மறக்கவில்லை. பிடிப்புக்கு வைத்த இம்பிளான்ட்டிடம் தாங்கலை எதிர்பார்த்தது என் தவறு. அன்றிலிருந்து இம்பிளான்ட் வைத்த எந்தப் பல்செட்டையும் இந்த விரல் சோதனை செய்யாமல் நான் அனுப்புவதில்லை.

அப்படியானால் முன்னால் வைக்கச் சொல்பவர் தவறா? இல்லை. மூன்று நிலைமைகளில் நானே முன்னால்தான் வைப்பேன். கொக்கிப் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தால், பக்கத்தில் ஓர் இம்பிளான்ட் இருப்பது அதன் சுமையைக் குறைக்கும். நாளைக்கு அந்தப் பல் போனாலும் பல்செட் நிற்கும். சிரித்தால் தெரிகிற கொக்கி வேண்டாம் என்றால் அந்தப் பிடிப்பை இம்பிளான்ட் தரும். பிற்பாடு அதே இம்பிளான்ட்டில் நிரந்தரப் பல் கட்டும் எண்ணம் இருந்தாலும் முன்னிடம் பொருந்தும். கீழ்த்தாடையில் முன்பக்க எலும்பு பொதுவாகக் கெட்டி, உயரமும் மிஞ்சியிருக்கும், அறுவை சிகிச்சை எளிது. ஆனால் அம்மா விஷயத்தில் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு தாடையிலிருந்து வெளியே வரும் துளை பெரும்பாலானவர்களுக்கு இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லின் வேர்முனைக்கு அருகில்தான் இருக்கிறது. முன்னிடம் என்று அவர் சொல்வதும் அங்கேதான். எனவே முன்னால் என்றாலே ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பின்பக்கத்திலும் சங்கடம் உண்டு, அதுவும் கூடுதலாகவே. பல் போன பிறகு கடைவாய்ப் பக்க எலும்பு உயரம் குறைந்துகொண்டே வரும், அதற்குக் கீழே அதே நரம்பு கால்வாயில் ஓடுகிறது. இம்பிளான்ட் நுனிக்கும் கால்வாய்க்கும் குறைந்தது 2 மி.மீ. இடைவெளி விடுவது வழக்கம். நாக்குப் பக்கம் எலும்பில் ஒரு குழிவு இருக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியவே தெரியாது. துளையிடும் கருவி அதைத் தாண்டிப் போனால் நாக்குக்கு அடியில் ரத்தக்கசிவு பெரிதாகலாம். அதனால் சிபிசிடி என்கிற 3டி ஸ்கேன் இல்லாமல் பின்பக்கம் இம்பிளான்ட் வேண்டாம். பல்செட்டுக்குத் தாங்கலாக மட்டும் வைப்பதால் நீளமான இம்பிளான்ட் கட்டாயமில்லை. எலும்பு குறைவாக இருக்கும் பலருக்குக் குட்டை இம்பிளான்ட்டே போதும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் நான் அடிக்கடி எடுக்கிறேன்: முதல் கடைவாய்ப் பல் இடத்தில் வைப்பது. அங்கே எலும்பு கொஞ்சம் கூடுதல், வாய்க்குள் கருவி போகவும் இடம் இருக்கும், கடிக்கும் விசையும் நேர்மேலே விழும். இதில் ஒரு நிபந்தனை. பல்செட்டில் இரண்டாம் கடைவாய்ப் பல்லை வைக்காமல் விட்டுவிடவேண்டும், இல்லாவிட்டால் சின்னதாக்கிக் கடி படாமல் வைக்கவேண்டும். இம்பிளான்ட் 20 மி.மீ.-இல் இருக்க, 30 மி.மீ.-இல் 100 நியூட்டன் கடித்தால் மேலே சொன்ன சீசா திரும்ப வந்துவிடும்: இம்பிளான்ட்டுக்கு 150, முன்னால் 50 எழும்பல். ஒரு பல் குறைவாக இருக்கிறதே என்று சிலர் வருத்தப்படுவார்கள். அந்தப் பல் இல்லாமல் மெல்ல முடியும், அதன் சுமையைத்தான் இம்பிளான்ட்டால் தாங்க முடியாது.

கணினி மாதிரியில் விசைப் பரவலைக் கணக்கிட்ட ஆய்வுகளும் இதையொட்டித்தான் பேசுகின்றன. பின்னால் இம்பிளான்ட் வைத்தால் பல்செட் அமுங்குவதும் ஈறின்மேல் அழுத்தமும் குறைகின்றன என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. முதல் கடைவாயா இரண்டாம் கடைவாயா என்பதில்தான் ஆளுக்கொரு முடிவு.

சரி, கடிக்கும் பலம் கூடுமா? கூடும். ஏன் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. தாடைத் தசைக்குப் பலம் குறையவில்லை, அது பயந்து அடக்கி வாசிக்கிறது. இயற்கைக் கடைவாய்ப் பற்களில் ஆரோக்கியமானவர் பொதுவாக 300 முதல் 700 நியூட்டன் வரை கடிப்பார். முழுப் பல்செட்காரர் அதில் ஏறக்குறைய கால்பங்கு. ஈறு வலிக்கும், பல்செட் நகரும் என்று தெரிந்து மூளை தசைக்குக் கடிவாளம் போட்டுவிடுகிறது. பின்னால் கெட்டியான தாங்கல் வந்தவுடன் வலி குறையும், கடிவாளம் தளரும். சில வாரங்களில் ஆள் தன்னையறியாமல் பலமாகக் கடிக்க ஆரம்பிப்பார். முன்பற்களை நோக்கி ஒதுங்கியிருந்த கடியின் மையமும் பின்னோக்கி, அது இருக்கவேண்டிய கடைவாய்க்குத் திரும்பும்.

ஆகவே இம்பிளான்ட் வைப்பது இருக்கிற விசையைப் பங்கு போடுவதோடு நிற்பதில்லை, மொத்த விசையையே கூட்டுகிறது. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அப்புறம் இன்னொன்று. இயற்கைப் பல்லைச் சுற்றியுள்ள நாரில் உணர்வு நரம்புகள் உண்டு. பற்களுக்கு நடுவே 20 மைக்ரான் தகடு வந்தாலும் அவை கண்டுபிடித்துவிடும். இம்பிளான்ட்டுக்கு அந்த நார் கிடையாது. எலும்பு வழியாக மங்கலாக உணரும், அவ்வளவுதான். அதனால் கடி சற்று உயரமாக இருந்தாலும் நோயாளிக்கு உடனே தெரியாது. உயரத்தைக் கண்டுபிடித்துத் தேய்த்துச் சரிசெய்வது மருத்துவரின் பொறுப்பு.

கூடிய விசை மேலே எங்கே போகிறது என்பதை அம்மா விஷயத்தில் கட்டாயம் பார்க்கவேண்டும், ஏனென்றால் மேலே இருப்பது முழுப் பல்செட். மேலே முழுப் பல்செட், கீழே முன்பற்கள் மட்டும் என்கிற சேர்க்கையில் வரும் சேதங்களை எல்ஸ்வொர்த் கெல்லி 1972-இல் தொகுத்து எழுதினார். கீழே பின்பக்கம் அமுங்க அமுங்க, கடி முழுவதும் கீழ் முன்பற்களுக்குப் போகிறது. அவை மேல் பல்செட்டின் முன்பகுதியை இடித்துக்கொண்டே இருக்கும். மேல்தாடை முன்பக்க எலும்பு கரைந்து அந்த இடம் வெறும் தொளதொள ஈறாகிவிடும், மேல் பல்செட் முன்னால் எழும்பி, பின்னால் கழன்று விழும். இதற்குப் பிறகு எவ்வளவு நல்ல பல்செட் செய்தாலும் நிற்கவைப்பது கஷ்டம். கீழே பின்பக்கம் அமுங்காமல் இருந்தால் இந்தச் சங்கிலி ஆரம்பத்திலேயே தடைப்படும். பின்பக்கத் தாங்கல் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். இம்பிளான்ட்டை முன்னால் வைத்துப் பின்பக்கம் பழையபடி அமுங்கினால் பல்செட் கழலாது, ஆனால் மேல்தாடை எலும்பு கரைவதும் நிற்காது.

இம்பிளான்ட் தலையில் என்ன மாட்டுகிறார்கள் என்பதும் விசையை மாற்றும். வெறும் வழவழப்பான வட்டத் தொப்பி போட்டால் பல்செட் அதன்மேல் உட்காரும், அவ்வளவுதான். தாங்கும், பிடிக்காது, பக்கவாட்டு இழுப்பும் இம்பிளான்ட்டுக்குப் போகாது. எலும்பு குறைவாகவும் இம்பிளான்ட் குட்டையாகவும் இருந்தால் எனக்கு இது பிடித்தமானது. லொக்கேட்டர் என்கிற அழுத்துப் பொத்தான் மாதிரியான இணைப்போ பந்து வடிவ இணைப்போ பிடிப்பும் தரும், ஆனால் உள்ளே இருக்கும் நைலான், ரப்பர் வளையங்கள் தேயும், அவ்வப்போது மாற்றவேண்டும். எந்தப் பக்கம் அடிக்கடி தேய்கிறதோ அந்தப் பக்கம் பல்செட் ஆடுகிறது என்று அர்த்தம். வளையத்தை மட்டும் மாற்றி அனுப்பாமல் ஏன் ஆடுகிறது என்று பார்க்கவேண்டும். இம்பிளான்ட்டின் சாய்வும் முக்கியம்: பல்செட் மேலிருந்து இறங்கும் வழிக்கு இணையாக அது நிற்கவேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் கழற்றும்போதும் அதன் கழுத்தில் பக்கவாட்டு விசை விழும்.

இன்னும் ஒன்று, பல வருடம் கழித்து வருவது. பல்செட்டுக்கு அடியில் உள்ள எலும்பு மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும், இம்பிளான்ட்டைச் சுற்றியுள்ள எலும்பு மட்டும் நிற்கும். சில வருடங்களில் பல்செட் பல்லின்மேலும் இம்பிளான்ட்மேலும் மட்டுமே உட்கார்ந்து நடுவில் காற்றில் நிற்கும். அப்போது விசை முழுவதும் அந்த இரண்டு இடத்துக்குத்தான். பல்செட் நடுவில் வளையும், இம்பிளான்ட் தலைக்கு மேலே மெலிந்திருக்கும் அக்ரிலிக் ஒரு நாள் கீறல் விடும். இதைத் தவிர்க்க இம்பிளான்ட்டுக்கு மேலே உலோகச் சட்டம் போகும்படி செய்யச் சொல்ல வேண்டும். அப்புறம் வருடத்துக்கு ஒரு முறையாவது பல்செட்டின் உட்பக்கத்தில் சிலிக்கோன் பூசி வாயில் வைத்துப் பார்க்கவேண்டும். பூச்சு தடிமனாக நிற்கிற இடத்தில் இடைவெளி இருக்கிறது. அங்கே ரீலைனிங் செய்து நிரப்பிவிடலாம். இம்பிளான்ட் வைத்தாகிவிட்டது, இனி பார்க்கவேண்டியதில்லை என்று விட்டவர்களுக்குத்தான் பல்செட் உடைவதை அதிகம் பார்த்திருக்கிறேன்.

இப்போது அம்மாவுக்கு. நீங்கள் எழுதியதை வைத்து, நேரில் பார்க்காமல், என் எண்ணம் இது: அவருடைய தொல்லை அமுங்குவதும் புண்ணாவதும், கழன்று விழுவது இல்லை. எனவே தாங்கல்தான் முதலில் வேண்டும், இடம் பின்பக்கம். ஸ்கேனில் எலும்பு கொடுத்தால் இரண்டாம் கடைவாய், கொடுக்காவிட்டால் முதல் கடைவாய், அதோடு பல்செட் அங்கேயே முடியட்டும். கொக்கி மாட்டும் பற்கள் இரண்டும் ஆடினால் மட்டும் முன்னால் சொன்னவரின் யோசனைக்குத் திரும்பலாம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, எலும்பு மெலிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறாரா, இரவில் பல்லைக் கடிக்கிறாரா என்பதை மருத்துவர் கேட்காமலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். இம்பிளான்ட் எலும்போடு சேரக் கீழ்த்தாடையில் வழக்கமாக மூன்று மாதம் விடுவார்கள். அந்த நாட்களில் பழைய பல்செட் அந்த இடத்தை அழுத்தாதபடி உட்பக்கத்தைக் குடைந்து வாங்கிக்கொள்ளுங்கள், இதை மறந்துவிடுவது சகஜம்.

பல்செட் தயாரானதும் ஒன்று செய்யச் சொல்லுங்கள். மருத்துவர் கடைசிப் பல்மேல் விரலால் நன்றாக அழுத்தட்டும், நீங்கள் முன்னால் ரெஸ்டைப் பாருங்கள். அது பல்லைவிட்டு எழும்பினால், அன்றைக்கே அங்கேயே சொல்லுங்கள். அந்த நிலையில் பல்செட்டை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு வராதீர்கள்.